பம்பரைக் கழற்ற வேண்டாம்

ஏப்ரல் 2, புதன்

இந்த டைரி ஒரு பம்ப்செட் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்தது. மூன்று மாதமாகக் கடையில் டீ கிளாஸ் வைக்கத்தான் உதவியது. அட்டையில் ஏழெட்டு வட்டம் விழுந்திருக்கிறது. இன்று முதல் இதில் எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. போட்டவர் சேலத்துக் கார் சர்வீஸ் சென்டரின் சர்வீஸ் அட்வைசர் நவநீத். கழுத்தில் டை, காதில் ஒரு ப்ளூடூத் குமிழ், கையில் ஒரு டேப்லெட். ஸ்பானர் பிடித்த கையே இல்லை அது. குழந்தைக்குப் பவுடர் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

"சார், உங்க ப்ராப்ளம் வண்டி எங்ககிட்ட வர்றப்ப வர மாட்டேங்குது. அதனால எந்தத் தேதி, எத்தன மணி, என்ன ஸ்பீடு, எந்த இடம்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க."

"வண்டியில போறவங்க செத்துப்போனா எத்தன மணிக்குன்னு அதையும் எழுதிரட்டுங்களா?"

"எழுதுங்க சார். டீடெய்ல்ஸ் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது."

நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. குமிழ் அடைத்திருந்தது.

ஆகவே முறைப்படி எழுதுகிறேன். பெயர் மாரப்பன். ராசிபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. படிப்பு பத்தாவது, அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன்; அதிலும் ஒரு பேப்பர் இன்னும் பாக்கி. எழுதி முடித்துவிடுவேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேற்படி வண்டி வெள்ளை நிறம், இரண்டு வயது, பிப்ரவரியில் ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கியது. முன்னால் எது வந்தாலும் அதுவே பார்த்து அதுவே பிரேக் போடுமாம். அதற்காகத்தான் வாங்கினேன். என் மகள் இளவெயினி சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவு டெக்னீஷியன். காலை ஆறரை ஷிஃப்ட். தினமும் போக வர அறுபது கிலோமீட்டர். போன நவம்பரில் மழையில் மல்லூர் பக்கம் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தாள். அவள் தலைக்கும் லாரியின் பின் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு முழத்தைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை. கார் வாங்கினேன்.

குறை: முன்னால் ஈ காக்கை இல்லாத இடத்தில் வண்டி டிங் டிங் டிங் என்று அலறி, ஸ்கிரீனில் சிவப்பு வெளிச்சம் காட்டி, தானே பிரேக் போடுகிறது. மார்ச் மாதத்தில் மூன்று முறை. மூன்றுமே வெயினி வேலை முடிந்து திரும்பும்போது. மூன்றாவது முறை, மார்ச் 28, மாலை 3.20, வேகம் 70. பின்னால் வந்த மணல் லாரிக்காரன் வலது பக்கம் ஒடித்துத் தப்பித்தான். வெயினி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு எறங்கி வந்து என்னைத் திட்டலீங்கப்பா. ரோட்டோரமா உக்காந்துக்கிட்டு, தண்ணி இருந்தா குடும்மான்னு கேட்டாருங்க."

டீடெய்ல்ஸ் போதும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பிரேக் இல்லை. வண்டியைக் கழுவினேன்.

கழுவும்போது என் மனைவி லோகநாயகி எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு பழத்தச் சக்கரத்துல வெச்சு ஏத்துனா உங்க கௌரவம் கொறஞ்சா போயிரும்?"

"கெட்டிருக்கறது சென்சரு. சென்சருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்குளுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தமோ அதேதான்."

நான் பகுத்தறிவு மன்றத்தின் ராசிபுரம் கிளைத் துணைத் தலைவர். கிளையில் மொத்தம் ஆறு பேர்; அதில் நான்கு பேர் நிர்வாகிகள். நான் இருக்கும் வரை இந்த வண்டியில் எலுமிச்சம்பழம் ஏறாது, இறங்காது. மகள் பிறந்தபோது நேரத்தைக் குறிக்காமல் விட்டவன் நான். நேரம் இருந்தால்தானே ஜாதகம்? லோகு மயக்கத்தில் கிடந்தாள், பிரசவ அறைக்கு வெளியே நின்றது நான் ஒருவன்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் தொலைத்துவிட்டேன். இருபத்தாறு வருடமாகக் கேட்கிறாள்: "விடியறதுக்கு முன்னாலயா பின்னாலயா, அதையாச்சும் சொல்லுங்க." இன்றைக்கும் கேட்டாள். பார்க்கவில்லை என்றேன்.

கோபத்தில் துணியைப் பிடுங்கி வண்டியின் முன்பக்கத்தைத் துடைக்கப் போனாள். விடவில்லை. முன்பக்கத்தை நான்தான் துடைப்பேன், அதுவும் தண்ணீர் பீய்ச்சாமல். பெயிண்ட் கெட்டுவிடும்.

ஏப்ரல் 5, சனி

சர்வீஸ் சென்டர். சோபா, ஏசி, காபி மெஷின். மெஷினில் எதை அமுக்கினாலும் வெந்நீர்தான் வந்தது. அதற்கும் சாஃப்ட்வேர் அப்டேட் வேண்டும்போல.

நவநீத் இந்த நோட்டை வாங்கி, அட்டையில் இருந்த டீ வட்டத்தைப் பார்த்து முகம் சுளித்து, பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். நல்லதாகப் போயிற்று. இனி இது என் நோட்டு. யாருக்கும் மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. ஒருவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் பார்த்தான். இன்னொருவன் வந்து அவன் பார்ப்பதைப் பார்த்தான். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் போட்டோ எடுத்தான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், எழுந்து வந்து வண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கடைக்கு எரிந்த மோட்டார் வந்தால் முதலில் மோந்து பார்ப்பேன். பிறகு தண்டைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். மீட்டர் எல்லாம் அதற்கப்புறம்தான். இவர்கள் மூக்கு, கை, கண் மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள்.

நவநீத் வந்தார்.

"நோ ஃபால்ட் ஃபவுண்ட் சார். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு. வேணும்னா ஃப்ரண்ட் பம்பரக் கழட்டி உள்ள ஒரு செக் பண்ணிரலாம்."

"வேண்டாம்."

"ஃப்ரீதான் சார்."

"பம்பரக் கழட்ட வேண்டாம்னு சொல்றனில்லீங்க! கழட்டுனா ஒழுங்கா மாட்டுவீங்களா? கிளிப்பு ஒடையும், பெயிண்டு போகும், அப்புறம் அது ஒரு பக்கம் லொடலொடங்கும்!"

சோபாவில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நவநீத் ஜாப் கார்டில் 'கஸ்டமர் பம்பரைக் கழற்ற வேண்டாம் என்கிறார்' என்று எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். ஐ.டி.ஐ. பரீட்சையில்கூட இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

வண்டியைப் பார்க்கத் துப்பில்லாதவர்கள். பார்க்காமலே இருக்கட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அப்டேட்டின் பலன்கள். ஒன்று, வண்டி இப்போது பேசுகிறது. கதவைத் திறந்தால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வரவேற்கிறது. லோகு "யாரு அது?" என்று கேட்டுப் பின் சீட்டைத் துழாவினாள். இரண்டு, வானம் வெளுத்துக் கிடக்கும்போது வைப்பர் தானாக ஆடுகிறது. மூன்று, மதியம் 2.50, ஆண்டகளூர் கேட்டுக்கு அந்தப் பக்கம், வேகம் 65: டிங் டிங் டிங், பிரேக்.

ஆக, உயிர் போகும்போது ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து அனுப்பிவைக்கும்.

ஏப்ரல் 9, புதன்

மேகமூட்டம். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மாலை 3.10, மல்லூர், வேகம் 72. இந்த முறை பின்னால் பஸ்.

வெயினி வந்ததும் சாவியை டி.வி. மேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். எறிந்திருந்தால் தேவலாம்.

"அப்பா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். சரியாகலீன்னா சேலத்துலயே ஹாஸ்டல் பாத்துக்கறேன். ஃபாரம் வாங்கியாச்சுங்க."

"தாராளமா போ. பெரிய ஊரு. பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரம்."

நான் அப்படித்தான் சொன்னேன். வீட்டில் ஓர் அறை மிச்சமாகும், கடைச் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். லோகு என் தட்டில் சாதத்தை வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஹாஸ்டல் ஃபாரத்தைப் பார்த்தேன். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'இன்ஜினியர்' என்று போட்டிருக்கிறாள். அடித்துவிட்டு 'காயில் கட்டுபவர்' என்று எழுதலாமா என்று பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

கடை லீவு. மன்றக் கூட்டம். தலைப்பு 'அறிவியல் யுகத்தில் தாயத்தும் தகடும்'. பேச்சாளர் நான். தலைப்பைப் போன டிசம்பரிலேயே நானே கொடுத்திருந்தேன், மாற்ற முடியவில்லை. இருபது நிமிடம் பேச வேண்டியதை ஆறு நிமிடத்தில் முடித்தேன். தண்ணீர் மட்டும் மூன்று டம்ளர். தலைவர் "தோழருக்குக் காய்ச்சல்போல" என்றார். ஆமாம் என்றேன். கைதட்டினார்கள், ஐந்து பேரும்.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி சர்வீஸ் சென்டர். கண்ணாடிக்கு மேலே இருக்கும் கேமராவை மாற்றினார்கள். ஏன் என்று கேட்டேன்.

"ட்ரை பண்ணிப் பாக்கலாம் சார்."

நான் ஒரு விவசாயியிடம், 'காயில் போயிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்' என்று சொன்னால் என்னையே கிணற்றில் இறக்கிவிடுவார்.

நவநீத் ஜாப் கார்டைப் புரட்டினார். "அடுத்த ஸ்டெப் பம்பர்தான் சார். நீங்க சைன் பண்ணி வெச்சிருக்கீங்க..." என்று இழுத்தார். வெயினியும் கூட வந்திருந்தாள். "ஏனுங்கப்பா வேண்டாங்கறீங்க? கழட்டட்டுமே," என்றாள். பழைய ஈரோட்டு ஓனர் பம்பருக்குத் தனியாக வாரண்டி வாங்கி வைத்திருக்கிறார், கழற்றினால் அது போய்விடும் என்று சொன்னேன். அப்படி ஒரு வாரண்டி உலகத்தில் இல்லை. நவநீத் தலையாட்டினார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெயினி ஆட்டவில்லை. என்னையே பார்த்தாள். மயக்க ஊசி போட்ட பிறகு ஆள் தூங்கிவிட்டானா என்று பார்ப்பார்களாமே, அந்தப் பார்வை.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் 2.40. மல்லூர். புதுக் கேமராவோடு.

ஏப்ரல் 18, வெள்ளி

வெயினிக்கு லீவு. காலை ஏழு மணிக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் போய் வந்தேன். எண்பதில் ஓட்டினேன். ஒரு டிங் இல்லை. ராணி மாதிரி ஓடியது. வீட்டு வாசலில் நிறுத்தியதும் வைப்பரை இரண்டு ஆட்டு ஆட்டியது. என்னைத்தான் கேலி செய்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று நடந்ததை முறைப்படி எழுதுகிறேன்.

காயில் ஒயர் வாங்க நாமக்கல் போனேன். லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் இஸ்மாயில் பாய் இப்போது புது கார்களும் பார்க்கிறார் என்று ஒயர் கடையில் சொன்னார்கள். போனேன். அவரிடமும் லேப்டாப் இருந்தது. ஆனால் அதன் மேல் கிரீஸ் இருந்தது. எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

வண்டி கையில் இல்லை, வெயினி எடுத்துப் போயிருந்தாள். இந்த நோட்டுதான் இருந்தது. மணி எழுதிய இடங்களை மட்டும் விரலை வைத்துக் காட்டினேன். உலகத்தில் இதைப் படித்த முதல் மெக்கானிக் அவர்தான்.

"மூணு இருவது. ரெண்டு அம்பது. மூணு பத்து. ரெண்டு நாப்பது. ஏண்ணே, காலையில ஒருவாட்டிகூட இல்லியா?"

"இல்லீங்க பாய்."

"மழ மேகம் போட்டன்னிக்கும் இல்ல. வண்டிய வெயில்லயா நிறுத்துறாங்க?"

"ஆஸ்பத்திரியில நெழலெல்லாம் டாக்டருங்களுக்குத்தானுங்க."

"அப்ப உள்ள ஏதோ பசை சூட்டுல எளகுது. எளகித் தொங்குனா, ஓட்டத்துல ஆடும். முன்னாடி வர்றதப் பாக்கற ரேடாருக்கு எதுத்தாப்புல ஒரு உள்ளங்கைத் தகரம் ஆடுனாப் போதும்ணே, லாரியே நிக்குதுன்னு நெனச்சு மிதிச்சிரும். பொழுதுக்கும் அங்கயே ஒட்டிக்கிட்டு நின்னா, ரேடார மறைக்குதுன்னு ஸ்கிரீன்ல எழுதிக் காட்டும். இது அப்பப்ப ஆடுது, அதான் அந்த சர்வீஸ் பசங்களுக்குச் சிக்கல."

"ரேடாரு எங்கீங்க இருக்குது?"

"நம்பர் பிளேட்டுக்குக் கீழ கறுப்பா ஒரு மூடி இருக்கும் பாருங்க, காலி எடமாட்டம். அதுக்குப் பின்னாடிதான்."

காலி இடமாட்டம். ஆமாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மணி 1.25. ஷிஃப்ட் முடிவது 2.00. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

போன் போட்டேன். எடுக்கவில்லை, ஆபரேஷன் தியேட்டரில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். பதினேழு முறை போட்டேன். பாய் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். 2.08க்கு எடுத்தாள்.

"சாமி, வண்டிய எடுக்காத. எடுக்காத சாமி. நான் வர்றேன்."

"என்னாச்சுங்கப்பா? அம்மாவுக்கு ஏதாச்சும்..."

"அம்மா கெடக்குறா, நல்லாத்தான் இருக்கா. நீ வண்டிகிட்டயே போகாத."

பாயிடம் ஒரு ஸ்குரூ டிரைவர் இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடம். மணி 3.35. பச்சை யூனிபார்மோடு வண்டிப் பக்கத்தில் நின்றாள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்றேன். நகரவில்லை. வேறு வழி இல்லாமல் அவள் முன்னாலேயே வண்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கறுப்பு மூடியை நெம்பினேன். பம்பரைக் கழற்றத் தேவையே இல்லை. இரண்டு கிளிப். மாட்டியவனுக்குத் தெரியாதா.

உள்ளே ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஊஞ்சல் மாதிரி தொங்கியது. இரட்டைப் பக்க டேப் பாகாக உருகியிருந்தது. பிய்த்து எடுத்து வேட்டி மடிப்பில் செருகப் போனேன். வெயினி கையை நீட்டினாள். தியேட்டரில் டாக்டர்கள் கத்தி கேட்டு நீட்டுவார்களாமே, அப்படி. கொடுத்துவிட்டேன்.

"என்னங்கப்பா இது?"

"செம்பு."

"செம்புன்னு தெரியுதுங்க. இது தகடு." திருப்பினாள். கட்டங்களுக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "இளவெயினி. கேட்டை நட்சத்திரம். அதிகாலை நாலு மணி பன்னெண்டு நிமிஷம்."

நான் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சுலபமாக மாட்டுகிற கிளிப் அது. மாட்டவில்லை.

"கடியாரத்தப் பாக்கலீன்னீங்க."

"சும்மா, தோராயமாச் சொன்னேன்."

"தோராயமா பன்னெண்டு நிமிஷமுங்களா?"

கிளிப்பைத் திருப்பி வைத்து அழுத்தினேன்.

"யாரு எழுதுனது?"

"கரூர்ப் பக்கம் ஒருத்தரு. நம்மள யாருக்கும் தெரியாத ஊரு. வண்டி வாங்குன வாரம், ஒயர் எடுக்கப் போறன்னு சொல்லிட்டுப் போனேன்."

"தகடுன்னா காகிதமாட்டந்தான இருக்கும்? இது இவ்வளவு கெட்டியா இருக்குது?"

"அவருது ரொம்ப மெல்லிசு கண்ணு. ஒரே வருசத்துல பொத்தலாயிரும். நம்ம கடைச் செம்பக் குடுத்து, இதுல எழுதுங்கன்னேன்."

அப்போதுதான் சிரித்தாள். நின்றுகொண்டு சிரித்தவள், பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். காவல்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு நின்ற பிறகும் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வியர்வையாக இருக்கும்.

"முப்பது வருசமாச் செம்புலயே சோறு திங்கறேன்," என்றேன். "அது எதுக்கு முன்னாடி நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அந்த மணல் லாரிக்காரன் மட்டும் ஒடிக்காம இருந்திருந்தா..."

"அப்பா. எந்திரிங்க. தரை சுடுது."

எழுந்தேன். உண்மையிலேயே சுட்டிருக்கிறது; வேட்டியில் தார் ஒட்டியிருந்தது. கிளிப்பை அவள்தான் மாட்டினாள், ஒரே அழுத்தில்.

அவளே ஓட்டினாள். மல்லூர் தாண்டினோம். மணி 4.35, வேகம் 70. டிங் இல்லை. ஊர் நெருங்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போன்ல என்னைச் சாமின்னு கூப்பிட்டீங்க. எல்லா வீட்டுலயும் கூப்பிடுவாங்க, நீங்க மட்டும் கூப்பிட்டதே இல்லீங்க."

அவசரத்தில் வந்துவிட்டது என்றேன். அது பேச்சு வழக்கு, அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்றும் விளக்கினேன்.

சர்வீஸ்காரர்களை எவ்வளவோ திட்டி எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்க்காதவர்கள் என்று எழுதினேன். அவர்கள் பார்க்கவில்லை, பார்க்க வந்தவர்களையும் கையெழுத்துப் போட்டுத் தடுத்தவன் நான். என் மகளின் உயிரை இரண்டு கிளிப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, பெயிண்ட் போகும், கிளிப் உடையும் என்று கத்தினேன். இந்த ஊரில் என்னைவிட மட்டமான மெக்கானிக் இருந்தால் காட்டுங்கள், நான் போய்க் கும்பிடுகிறேன். கும்பிடுவது என்ன, அதுதான் ஆரம்பித்தாகிவிட்டதே.

ஏப்ரல் 23, புதன்

மாலை 3.00. ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மதியம் 2.55. ஒன்றும் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் வெயினி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அம்மா, நான் எத்தன மணிக்குப் பொறந்தேன்?" என்றாள்.

எனக்குப் புரையேறியது.

"அத உங்கப்பனக் கேளு. மனுசனா அவரு? பொறந்த கொழந்தையப் பாக்கறதுக்கு முந்தி கடியாரத்தப் பாக்கறவனத்தான் ஒலகத்துல பாத்திருக்கறேன். இவரு ரெண்டையும் பாக்காம செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னாராம்."

"அப்படீங்களாப்பா? செவுத்தயா பாத்தீங்க?"

"ஆமா. சுண்ணாம்பு ஒதுந்திருந்துச்சு."

வெயினி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. லோகு என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். அவளிடம் சொல்லிவிடலாம். இருபத்தாறு வருடம் சொல்லாததை இப்போது சொன்னால், அந்தத் தண்ணீர்ச் சொம்பாலேயே அடிப்பாள். அதில் நியாயம் இருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மன்றத்தில் துணைத் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். காரணம் கேட்டார்கள். மூட்டுவலி என்றேன். வேறு யாருக்கும் அந்தப் பதவி வேண்டாமாம். மூட்டுவலியோடே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இஸ்மாயில் பாயின் ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

நவநீத் போன் செய்தார்.

"சார், ப்ராப்ளம் திரும்ப வந்துச்சா?"

"வரலீங்க."

"நான் சொன்னேன்ல சார், அப்டேட்டும் கேமராவும் சேந்து ஒர்க் ஆக கொஞ்சம் டைம் எடுக்கும். இப்ப ஒரு கால் வரும் சார். பத்துக்கு எத்தன மார்க்னு கேப்பாங்க."

உள்ளே மடையன் என்று ஒரு சொல் எழுந்தது. யாரைக் குறித்து என்று பார்ப்பதற்குள் மார்க் கேட்கும் போன் வந்துவிட்டது. பத்து கொடுத்தேன். என் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டு இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.

மாதக் கடைசி. ஹாஸ்டல் ஃபாரத்தின் பின்பக்கத்தில் வெயினி மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதியிருந்தாள். துவரம்பருப்பு, கடுகு, பாத்திரம் தேய்க்கும் நார். கடைக்குப் போய் எல்லாம் வாங்கி வந்தேன். கடுகை மறந்துவிட்டேன்.

மே 18, ஞாயிறு

வெயினி நாளை முதல் இரண்டு வாரம் கோயம்புத்தூர் வரை ட்ரெய்னிங் போய் வர வேண்டும். டயர்களில் காற்றுப் பார்த்தேன். நான்கும் சரி. ஸ்டெப்னி பார்க்க டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கினேன்.

ஸ்டெப்னிக்கு அடியில், இரும்புத் தரையில், மாத்திரை போடும் ஜிப் கவர் ஒன்று ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் நான்கு மூலையும் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே செம்பு. கவரின் மேல் மார்க்கரில் வெயினியின் கையெழுத்து:

'இந்த மாடலில் பின்னால் ரேடார் இல்லை. இஸ்மாயில் பாயிடம் கேட்டுவிட்டேன்.'

சுற்றும் முற்றும் பார்த்தேன். லோகு உள்ளே இருந்தாள். நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்தேன். ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. பிளாஸ்திரிதானே, வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும்? கடைக்குப் போய், மோட்டார் காயிலுக்குச் சுற்றும் நல்ல டேப் எடுத்து வந்து, அந்த மூலையை ஒட்டினேன். மற்ற மூன்று மூலைக்கும் சேர்த்து ஒட்டினேன்.

ஸ்டெப்னியில் காற்று 33. சரியாக இருக்கிறது.